பழைய டைகாஸ்ட் கப்பலில் வெடிப்பா, வெள்ளைப் பொடியா, பிசுபிசுப்பா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த (அதுதான் டைகாஸ்ட்) பழைய பொம்மைக் கப்பல் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் துணியைத் தேடத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தூசியும் பொடியும் தடமும் எல்லாமே தகவல், துடைத்துவிட்டால் அது போய்விடும். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் வைத்து மேலே, பக்கவாட்டில், அடியில் என்று நாலு போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

இங்கே நான் பேசுவது மூன்று நான்கு வகைக் கப்பல்களைப் பற்றி. ஒன்று, லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை 1934 முதல் போர் வரும்வரை வார்த்த டிங்கி கப்பல்கள், அளவு 1:1800, அதாவது அசலின் நீளத்தில் 1800-இல் ஒரு பங்கு. இன்னொன்று, லைன்ஸ் பிரதர்ஸ் குழுமத்தின் ட்ரைஆங் மினிக் கப்பல்கள், 1:1200. இவை 1950களின் கடைசியில் தொடங்கி 1960களின் நடுவில் நின்றுபோனவை. மூன்றாவது, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையினருக்கு எதிரிக் கப்பலை அடையாளம் காணப் பழக்குவதற்காக ஈயக் கலவையில் வார்த்த சாம்பல் நிற மாடல்கள், அவையும் 1:1200. இவற்றோடு ஜெர்மானியர்களின் 1:1250 கப்பல்களும் சேகரிப்பில் கலந்து வரும். எல்லாமே நீர்மட்டம் வரைக்கும்தான் இருக்கும், அடிப்பாகம் தட்டை.

பதினைந்து வருஷமாகச் சேர்க்கிறேன், சென்னையில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில். கெட்டுப்போன கப்பல்களில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது வயது கிடையாது, அவற்றை வைத்திருந்த பெட்டியும் அலமாரியும்தான். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் மருந்தைச் சொல்வதற்கு முன்னால் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

எதற்கும் முன்: துத்தநாகமா, ஈயமா?

இது தெரியாமல் எந்த அறிகுறிக்கும் பதில் கிடையாது. அடியில் பெயின்ட் போன ஒரு முனையை வெள்ளைத்தாளில் லேசாக இழுங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறத்தில் விழுந்தால் ஈயம். ஒன்றும் விழவில்லை, அல்லது விழுந்ததா இல்லையா என்று தெரியாத மாதிரி இருந்தால் துத்தநாகக் கலவை. கையிலும் தெரியும்: ஈயம் அளவுக்கு மீறிக் கனக்கும், விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் சத்தம் மொத்தென்று இருக்கும், மெல்லிய பாகங்கள் முறியாமல் வளையும். துத்தநாகக் கலவை வளையாது, பொட்டென்று முறியும்.

ஈயம் என்று தெரிந்தால் இரண்டு ஒழுங்கு. தொட்ட பிறகு கை கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை செய்யாதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அறவே கூடாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஈயக் கப்பல் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால்தான்.

அறிகுறி: மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது

மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

துத்தநாகக் கப்பலில், பெயின்ட் போன இடத்தில் மட்டும், சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டு இருந்தால் அது வெள்ளைத் துரு. ஈரம் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். காய்ந்த மென்மையான தூரிகையால் (மேக்கப் பிரஷ் போதும்) தட்டிவிட்டு, உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் சுரண்ட வேண்டாம்.

பெட்டியிலும் காகிதத்திலும் கப்பலிலும் சேர்ந்து பஞ்சு போலப் படர்ந்திருந்தால், முகர்ந்தால் மழைக்கால மக்கல் வாசனை வந்தால், அது பூசணம். கப்பலை எடுத்துத் தனியாக நிழலில் உலர விட்டுத் தூரிகையால் தட்டுங்கள். பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் ஆபத்து. ஈயக் கப்பலில், பெயின்டைத் தூக்கிக்கொண்டு உள்ளிருந்து வெளியே வருகிற மாதிரி மாவுப்பொடி. கோலமாவு போல மென்மையாக இருக்கும், விரலில் ஒட்டும். இது ஈயக் கார்பனேட், நஞ்சு. ஊதாதீர்கள், வீட்டு வாக்குவம் க்ளீனரால் உறிஞ்சாதீர்கள். கையுறை போட்டு, ஈரம் பிழிந்த காகிதத்துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

காரணம் அசிட்டிக் அமில ஆவி, அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலம். மரம், பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூள் பலகை), மலிவான அட்டை, வெள்ளைப் பசை எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஓக் மரம் இதில் மிக மோசம் என்று அருங்காட்சியகக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்த அமிலம் ஈயத்தைத் தின்று ஈய அசிட்டேட் ஆக்குகிறது, காற்றில் இருக்கும் கார்பன்-டை-ஆக்சைடு அதைக் கார்பனேட்டாக மாற்றி அமிலத்தை விடுவித்துவிடுகிறது, விடுபட்ட அமிலம் மறுபடி ஈயத்துக்குப் போகிறது. தீர்ந்துபோகாத அமிலம். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வெள்ளை பெயின்ட் செய்ய ஈயச்சுருளையும் காடிப் பானையையும் சாணக் குவியலுக்குள் மூடிவைப்பார்கள், இதே வேதியியல்தான். நாம் தெரியாமல் ஷோகேஸுக்குள் அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அழகாகக் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று செய்யச் சொன்னேன். மரமே வேண்டாம், எல்லாம் கண்ணாடியும் அலுமினியமும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். செய்தவர் மூலைகளை எல்லாம் மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கோனால் ஒட்டியிருந்தார். கதவைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி புளிப்பு நெடி. இரண்டு நாளில் போய்விடும் என்றார், நானும் நம்பி அன்று மாலையே பதினொரு ஈயக் கப்பல்களை அடுக்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு க்ரூஸர் கப்பலின் பீரங்கி மேடைக்குக் கீழே ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சாம்பல் பெயின்ட் சின்னக் கூடாரம் போலத் தூக்கி நிற்கிறது, அதற்குள்ளே மாவு. அடுத்தடுத்துப் பார்த்தால் நான்கு கப்பலில். அந்தப் புளிப்பு நெடி சிலிக்கோன் இறுகும்போது வெளிவிடுகிற அசிட்டிக் அமிலம்.

எனவே ஷோகேஸ் செய்பவரிடம் அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கோன் என்று கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். எது போட்டாலும் கதவைத் திறந்துபோட்டு ஒரு மாதம் காயவிடுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க மூடிவைத்துத் திறந்ததும் மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். புளிப்பு இருந்தால் இன்னும் காயவேண்டும். ஈயம் வைத்திருக்கிற எந்தப் பெட்டிக்கும் இந்த மூக்குச் சோதனை பொருந்தும்.

அறிகுறி: மயிரிழை வெடிப்பு, உடல் வளைந்திருக்கிறது, துண்டு துண்டாக உதிர்கிறது

போருக்கு முந்தைய டிங்கி கப்பல் என்றால் இதற்காகத்தான் முதலில் பயப்பட வேண்டும். கோடையில் வற்றிய குளத்துத் தரை எப்படி வெடித்திருக்கும், அதே வடிவம், ஆனால் பூதக்கண்ணாடியில் பார்க்கிற அளவுக்குச் சின்னதாக. அணியம் (கப்பலின் முன்முனை) மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளையும், தட்டையாக உட்கார வேண்டிய அடிப்பாகம் ஆடும், பெயின்ட் கொப்புளிக்கும். கடைசியில் பிஸ்கட் மாதிரி உடையும்.

இதற்குப் பெயர் துத்தநாகப் பீடை. இவற்றை வார்த்த மசாக் என்ற கலவையில் பெரும்பகுதி துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மக்னீசியமும் செம்பும். துத்தநாகம் 99.99 சதவீதம் சுத்தமாக இருந்தால் இந்தக் கலவை காலத்துக்கும் நிற்கும். அதில் ஈயமோ தகரமோ காட்மியமோ துளி கலந்தால் போதும், உலோகத்தின் மணிகளுக்கு இடையே ஈரம் புகுந்து அரித்துக்கொண்டே போகும், அரித்த இடம் பருக்கும், பருத்தால் வெடிக்கும். 1930களில் பட்டறையில் ஈயச் சாமான்களும் வார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கரண்டி ஈயம் தவறி விழுந்திருந்தாலே அந்த உலையில் வார்த்த கப்பல் எல்லாவற்றுக்கும் இதுதான் கதி. ஒரே வருஷத்தில் வார்த்த இரண்டு ஹூட் (பிரிட்டிஷ் போர்க்கப்பல்) மாடல்களில் ஒன்று கல்லுபோல இருக்கும், இன்னொன்று உதிரும்.

குணப்படுத்த முடியாது. இதை ஒப்புக்கொண்டால்தான் தேவையில்லாத சேதத்தைத் தவிர்க்கலாம். சூப்பர் க்ளூவை வெடிப்பில் விடச் சொல்வார்கள். துண்டு விழாமல் பிடிக்கும், ஆனால் உள்ளே வீக்கம் நடந்துகொண்டே இருப்பதால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். நான் ஒட்டுவதில்லை. கப்பலின் வடிவத்துக்கே அமிலமில்லாத அட்டையில் ஒரு தொட்டில் வெட்டி, உடலின் பாரம் முழுக்க அதில் தங்கும்படி வைத்து, உலர்ந்த இடத்தில் விடுகிறேன். ஈரமும் வெப்பமும்தான் இதை வேகப்படுத்துகிற இரண்டும்.

ஒரு கப்பலிலிருந்து பக்கத்துக் கப்பலுக்குத் தொற்றும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தொற்றாது. இது வார்ப்பிலேயே வந்த குறை. உதிர்கிற தூள் மற்றதில் படாமல் இருக்கத் தனியாக வைப்பது நல்லது, அதோடு சரி.

வெடிப்பு தொடங்குவதற்கு முன்பே பிடிக்க ஒரு வழி இருக்கிறது: நீளத்தை அளந்து எழுதிவைப்பது. பீடை பிடித்த கப்பல் நீளும். என்னிடமிருந்த டிங்கி ஹூட் வாங்கியபோது வெர்னியர் அளவுகோலில் 146 மில்லிமீட்டர் காட்டியது. அசல் ஹூட் 860 அடி, 1800-ஆல் வகுத்தால் அதே 146 வரும், அவ்வளவு துல்லியம். மூன்று மழைக்காலம் கழித்து 147.5. அப்போது வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வருஷம் பின்பக்கத்து பீரங்கி மேடையைச் சுற்றி வெடித்தது. வாங்கும்போது விற்பவரிடம் நீளத்தைக் கேளுங்கள், கணக்கில் வரவேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தால் நான் வாங்கமாட்டேன், பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அறிகுறி: பெயர் இல்லை, அல்லது சொல்கிற பெயர் மேல் சந்தேகம்

அடியில்தான் விடை இருக்கும். பெரும்பாலும் பெயர் வார்ப்பிலேயே இருக்கும், ஆனால் அழுக்கும் பெயின்டும் நிரம்பிப் படிக்க முடியாது. சுரண்ட வேண்டாம். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை மேலே வைத்து, மொட்டைப் பென்சிலால் படுக்கவைத்துத் தேய்த்து எடுங்கள், சின்ன வயதில் காசு மேல் காகிதம் வைத்து எடுத்தோமே அதே மாதிரி. அல்லது இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழலில் எழுத்து எழும்பிவரும்.

எழுத்தே இல்லையென்றால் அங்குல ஸ்கேலை எடுங்கள். 1:1200 என்றால் ஒரு அங்குலத்துக்கு 100 அடி, 1:1800 என்றால் ஒரு அங்குலத்துக்கு 150 அடி. இந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்ததே அடி, அங்குலக் கணக்குக்காரர்கள் என்பதால் கால்குலேட்டர்கூட வேண்டாம். மினிக் கப்பல் ஒன்று பத்தேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு புகைபோக்கி: 1031 அடி, குயின் எலிசபெத். பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு புகைபோக்கி: 990 அடி, யுனைடெட் ஸ்டேட்ஸ். யாராவது யுனைடெட் ஸ்டேட்ஸின் புகைபோக்கிக்குக் குயின் கப்பல்களை ஓட்டிய குனார்டு கம்பெனியின் சிவப்பும் கறுப்பும் அடித்து ‘குயின்’ என்று விற்றால் ஸ்கேல் காட்டிக்கொடுத்துவிடும். அசல் யுனைடெட் ஸ்டேட்ஸில் சிவப்பு, நடுவே வெள்ளைப் பட்டை, உச்சியில் நீலம். மூன்று புகைபோக்கியும் 10.2 அங்குலமும் இருந்தால் குயின் மேரி, மினிக் பட்டியலில் எம்703. அதே குயின் மேரி டிங்கியில் ஏழு அங்குலத்துக்கும் குறைவு. அசல் கப்பலுக்கு 1934 செப்டம்பரில் பெயர் சூட்டுவதற்கு முன்பே கப்பல்கட்டும் தளத்து எண்ணான 534 என்றே அந்தப் பொம்மை கடைக்கு வந்தது. அப்போதைய பெட்டி கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

டிங்கியில் எல்லோரும் தடுமாறுகிற ஜோடி ஸ்ட்ராத்தெய்ர்டும் எம்ப்ரஸ் ஆஃப் பிரிட்டனும். இரண்டுக்கும் வெள்ளை உடல், இரண்டுக்கும் மூன்று வெளிர்மஞ்சள் புகைபோக்கி. எம்ப்ரஸ் 760 அடி, மாடல் 13 சென்டிமீட்டரைத் தொடும். ஸ்ட்ராத்தெய்ர்டு 11 சொச்சம்தான். இந்த ஸ்ட்ராத்தெய்ர்டு மேல் எனக்குத் தனிப் பிரியம், லண்டனிலிருந்து பம்பாய், கொழும்பு வழியாக ஆஸ்திரேலியா போன, பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பல் அது. மூன்று புகைபோக்கிகளில் முன்னும் பின்னும் உள்ளவை வெறும் தோற்றத்துக்கு வைத்தவை, போர் முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். அதனால் பிற்கால போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒரே புகைபோக்கிதானே இருக்கிறது, பொம்மை தப்பு என்று நினைத்துவிடாதீர்கள், பொம்மைதான் 1934-இன் தோற்றத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

சகோதரக் கப்பல்கள் என்றால் நீளமும் உதவாது. சாக்ஸோனியா, ஐவெர்னியா, சில்வேனியா, கரிந்தியா நான்கும் 608 அடி, ஒற்றைப் புகைபோக்கி. டேரிங் வகை டெஸ்ட்ராயர்களும் அப்படித்தான். இங்கே அடியில் இருக்கிற பெயர்தான் ஒரே சாட்சி, அது அழிந்திருந்தால் ‘சாக்ஸோனியா வகை’ என்று எழுதிவைத்துவிட்டுப் போகலாம். ஊகித்து ஒரு பெயர் வைப்பதைவிட அது நேர்மை.

பெயர் சரி, ஆனால் ஏதோ புதுசாகத் தெரிகிறது என்றால் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றிருக்கிறதா ‘ஹாங்காங்’ என்றிருக்கிறதா பாருங்கள். லைன்ஸ் பிரதர்ஸ் 1971-இல் திவாலான பிறகு, 1970களின் பிற்பகுதியில் மினிக் கப்பல்களில் சிலவற்றை ஹாங்காங்கில் வார்த்து மறுபடி விற்றார்கள். அவையும் சேர்க்கத் தகுந்தவைதான், முதல் பதிப்பு விலை கொடுக்காமல் இருந்தால் சரி. ஜெர்மன் 1:1250 கப்பல் கலந்துவிட்டால் நாலு சதவீதம் குட்டையாக வரும், குயின் மேரி 25.9-க்குப் பதில் 24.9 சென்டிமீட்டர்.

மறுபடி பெயின்ட் அடித்ததா என்று பார்க்க அடியெழுத்தின் பள்ளங்களையும் புகைபோக்கியின் அடிவிளிம்பையும் பாருங்கள். அங்கே இரண்டு நிறம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அறிகுறி: பெயின்ட் பிசுபிசுக்கிறது, வட்ட வட்டமாகத் தடம்

வட்டத் தடம் என்றால் பபுள் ஷீட். குமிழ் உள்பக்கமாக இருக்கச் சுற்றி, பரணில் ஒரு கோடைக்காலம் கிடந்தால் போதும், ஒவ்வொரு குமிழும் பெயின்டில் மோதிரம் போட்டுவிடும். போகாது. ஒட்டும்தன்மை மட்டும் இருந்தால் பிளாஸ்டிக் உறையிலிருந்தோ மென்மையான ஸ்பாஞ்சிலிருந்தோ கசிந்த எண்ணெய்ப்பசை. கப்பலை உறையிலிருந்து எடுத்து, தூசி விழாமல் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு அடியில், விளிம்பை லேசாகத் தூக்கிவைத்து, இரண்டு மூன்று வாரம் காற்றாட விடுங்கள். பல நேரம் தானாகவே இறுகிவிடும். ஸ்பாஞ்ச் பொடிந்து ஒட்டியிருந்தால் மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள், அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள். ரப்பர் பேண்டு ஒட்டிக் காய்ந்திருந்தாலும் இதே பல்குச்சிதான்.

பூச்சி உருண்டை போட்டிருந்தீர்களா? அதை உடனே எடுத்துவிடுங்கள். நாப்தலின் ஆவி தெர்மாகோலையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும்.

இன்னொன்று, நம் வீடுகளில் பித்தளைக்குச் செய்கிற வைத்தியத்தை இதற்குச் செய்துவிடுவார்கள். நண்பர் ஒருவர் அப்பாவின் கப்பலைப் புளி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாகக் கொண்டுவந்து காட்டினார். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் துத்தநாகத்தின் மேல் படக்கூடாது, அமிலம் அதைக் கரைத்துவிடும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கறுப்புப் பிசினாகும். உண்மையிலேயே அழுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, ஒரு விரல் அகலம் துடைத்து உடனே உலர்த்தி, அப்புறம் அடுத்த விரல் அகலம். வெடிப்புள்ள கப்பலுக்கு அதுவும் வேண்டாம்.

அறிகுறி: கொடிமரம் இல்லை, அல்லது அது மட்டும் புத்தம்புதிதாக இருக்கிறது

மினிக் கப்பல்களில் முதலில் தொலைவது கொடிமரம். நகல்கள் விற்கிறார்கள், போட்டால் தப்பில்லை. ஒட்டாமல் சொருகி வையுங்கள், ‘கொடிமரம் நகல்’ என்று அட்டையில் எழுதுங்கள், பிறகு யாருக்காவது விற்கும்போதும் சொல்லுங்கள். பெயின்ட் உதிர்ந்த இடத்தைத் திருத்துவது பற்றிக் கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். கறுப்பு உடலில் நாலு இடத்தில் உலோகம் தெரிகிற அசல் கப்பலை, புதுப் பெயின்டில் மின்னுகிற கப்பலைவிட அதிகமாக மதிக்கிறேன்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளுத்திருக்கிறது

ஜன்னல் வெயில். நிறம் திரும்பாது, இடத்தை மாற்றுங்கள். ஷோகேஸுக்குள் எல்இடி பட்டை ஒட்டுகிறவர்கள் அதன் டிரைவரை வெளியே வையுங்கள், அதிலிருந்தும் சூடு வருகிறது. தினம் போட்டு அணைத்தால் உள்ளே காற்று சுட்டு ஆறிச் சுட்டு ஆறி ஈரத்தை இழுக்கும்.

ஏசி அறைக்கும் இதையே சொல்வேன். குளிர்ந்த கப்பலை வெளியே எடுத்து மழைநாள் காற்றில் வைத்தால், சில்லென்ற தண்ணீர் ஊற்றிய செம்பு வியர்ப்பது போல வியர்க்கும். ஏசியை அணைத்து ஒரு மணிநேரம் கழித்தே கதவைத் திறங்கள்.

அறிகுறி: கண்ணாடித் தட்டில் கப்பல் தானாக நகர்கிறது

தெருவில் பஸ் போகும் அதிர்வு, ஓங்கிச் சாத்துகிற கதவு. அடியில் உருளை வைத்த டிங்கி குயின் மேரி சீக்கிரமே விளிம்புக்கு வந்துவிடும். போஸ்டர் ஒட்டுகிற பிசின் களிமண் போடாதீர்கள், எண்ணெய்க் கறை விடும். மெல்லிய அக்ரிலிக் தகட்டில் கப்பலின் முன்னும் பின்னும் சின்னத் தடுப்பு வைத்தால் போதும். தட்டு நடுவில் தொய்ந்தால் கப்பல்களைக் குறையுங்கள், கண்ணாடி சொல்லிக்கொண்டு உடையாது.

அறிகுறி: எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அடுக்கியதைப் பார்த்தால் என்னவோ போல இருக்கிறது

அளவுகள் கலந்திருக்கும். டிங்கி குயின் மேரி 17 சென்டிமீட்டர், பக்கத்தில் மினிக் வான்கார்டு போர்க்கப்பல் 20.7. உண்மையில் குயின் மேரி 205 அடி அதிக நீளம், தட்டிலோ போர்க்கப்பல் பெரிதாக நிற்கிறது. கண்ணுக்கு உடனே காரணம் தெரியாது, ஆனால் உறுத்தும். 1:1800-க்கு ஒரு தட்டு, 1:1200-க்கு ஒரு தட்டு. அப்புறம் தட்டின் உயரத்தைக் கவனியுங்கள்: கண்ணுக்கு நேராக வைத்தால் பக்கவாட்டுக் கோடு மட்டும்தான் தெரியும், நெஞ்சு உயரத்தில் வைத்தால் கலங்கரை விளக்கத்திலிருந்து துறைமுகத்தைப் பார்ப்பது போல மேல்தளமும் படகுகளும் எல்லாம் தெரியும். பெரிய பயணிகள் கப்பலைத் தனியாக விட்டு, அருகே இழுவைக் கப்பல் இரண்டை வைத்துப் பாருங்கள். 26 சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அறிகுறி: பெட்டியில் பழுப்புப் புள்ளி, ஓட்டை, செல்லோடேப் கறை

பெட்டியைக் கப்பலிலிருந்து பிரித்து வையுங்கள். பழைய அட்டை அமிலம் விடும், அதற்குள் ஈயக் கப்பல் இருக்கக்கூடாது. பழைய செல்லோடேப்பை இழுத்தால் அச்சும் சேர்ந்து வரும், விட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சி ஓட்டை என்றால் பெட்டியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள்.

கப்பலை எடுத்துவைக்கவும் அதே முறை. அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, சாப்பாட்டுச் சாமான் போடுகிற தரமான பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், ஈரமானியோடும் சிலிக்கா ஜெல்லோடும். ஈரப்பதம் 40-இலிருந்து 50-க்குள் இருக்கட்டும். ஐப்பசி அடைமழையில் இங்கே வெளியே 80-ஐத் தாண்டும்போதும் டப்பாவுக்குள் 45-இல் நிறுத்த முடிகிறது. சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறுகிற ஆரஞ்சு வகையை வாங்குங்கள், நீல வகையில் உடலுக்குக் கெடுதலான கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறிவிட்டால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணிநேரம் சுடவைத்து ஆறியதும் திரும்பப் போடலாம். பரண் வேண்டாம், மொட்டைமாடிக்கு அடியில் அந்த இடம்தான் வீட்டிலேயே அதிகம் சுடும். பீரோவின் கீழ்த்தட்டு எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு அட்டை: பெயர், அளவு, உலோகம், வெர்னியர் நீளம், அளந்த தேதி, என்ன மாற்றினோம் என்பது. நான் புரட்டாசி முடிவில் ஒருமுறை, தை பிறந்து ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து அளக்கிறேன். இந்தத் தையில் ஸ்ட்ராத்தெய்ர்டு போன வருஷம் இருந்த அதே நீளத்தில் இருந்தது.